கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது? விசுவாசத்தைப் பற்றிப் பேச ஒரு வழிகாட்டி

நான் பினாங்கில் இடைநிலைப்பள்ளி வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது எங்கள் தமிழ் மெதடிஸ்ட் சபையில் வாலிபர்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். என் அப்பா இளவயதில் கிறிஸ்தவரானார். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, கடைசிவரை சைவராகவே வாழ்ந்தார். பெரியப்பாவின் மூத்த மகனைத்தான் நான் அண்ணன் என்று அழைக்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர், தேவாரத்தை ஏடு பார்க்காமல் பாடுபவர். கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றி என்னிடம் வந்த கூர்மையான கேள்விகளில் பெரும்பாலானவை அவர் கேட்டவை.

இதை எங்கள் சபைப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அலுவலகத்திலும் கல்லூரியிலும் கல்யாண வீட்டிலும் யாராவது "நீ ஏன் இதை நம்புகிறாய்?" என்று கேட்டால், ஒன்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள், இல்லையென்றால் யூடியூபில் கேட்டதை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். இரண்டையும் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. விசாரித்துக் கேட்கிற எவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கும்படி பேதுரு எழுதினார். ஆயத்தமும் வேண்டும், சாந்தமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை விட்டுவிட முடியாது.

சொல்வதை அளந்து சொல்லுங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் பழக வேண்டியது இது. வாயைத் திறப்பதற்கு முன், சொல்லப்போவது வரலாறா, யோசித்து எட்டிய முடிவா, விசுவாசமா என்று உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். இயேசு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் அறையப்பட்டார் என்பது வரலாறு. இந்த உலகத்துக்கு மூலமான ஒருவர் இருக்கிறார் என்பது யோசித்து எட்டிய முடிவு. அவர் எனக்காக மரித்தார் என்பது விசுவாசம். மூன்றையும் ஒரே குரலில் அடித்துச் சொன்னால், கேட்பவர் மூன்றாவதை ஏற்க மறுக்கும்போது முதலாவதையும் சேர்த்தே தள்ளிவிடுவார்.

இதைப் புரியவைக்கப் பிள்ளைகளைப் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். ஜூலைத் திருவிழாவுக்காக அல்ல. அந்த வளாகத்தில் செரோக் தொக்குன் என்ற பாறை இருக்கிறது. அதில் பழைய இந்திய எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 5, 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணிக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே இந்தியாவின் எழுத்தை அறிந்தவர்கள் இங்கே வந்துபோனார்கள் என்று அந்தப் பாறை உறுதியாகச் சொல்கிறது. அவர்கள் எந்த ஊரார், இங்கே எத்தனை நாள் தங்கினார்கள் என்றெல்லாம் அதை வைத்துக் கதை கட்டினால் அது வரலாறு ஆகாது.

1961-இல் இஸ்ரேலின் செசரியாவில் கிடைத்த ஒரு கல்லும் இப்படித்தான். பிலாத்துவின் பெயரும், அவர் யூதேயாவின் ஆளுநர் என்பதும் அதில் லத்தீனில் வெட்டப்பட்டிருக்கின்றன. சுவிசேஷங்கள் சொல்லும் பிலாத்து உண்மையில் வாழ்ந்த அதிகாரி என்பதற்கு அது நேரடிச் சான்று. அதைக் காட்டி, "பாருங்கள், பைபிள் முழுவதும் நிரூபணமாகிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கல் சொல்லாததைக் கல்லின் வாயில் திணிப்பது பொய்ச்சாட்சி. அதைப் பத்துக் கட்டளைகள் தடுக்கின்றன.

"இயேசு என்று ஒருவர் இருந்தாரா?"

இளைஞர்கள் இன்று அதிகம் கேட்கும் கேள்வி இது. பதில் சொல்ல எளிதானதும் இதுதான். சபைக்கு வெளியே இருந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் ஏறத்தாழ 116-இல் எழுதியவர். 64-இல் ரோம் நகரம் எரிந்ததையும் நீரோ அந்தப் பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டதையும் சொல்லிவிட்டு, அந்தப் பெயருக்குக் காரணமான கிறிஸ்து, திபேரியு ஆண்ட காலத்தில் பொந்தியு பிலாத்துவால் கொல்லப்பட்டார் என்று குறிக்கிறார். அவருக்குக் கிறிஸ்தவர்களைக் கொஞ்சமும் பிடிக்காது. அந்த மார்க்கத்தைக் கேடான மூடநம்பிக்கை என்றுதான் எழுதினார். பிடிக்காதவர் தரும் சாட்சிக்கு எடை அதிகம் என்று என் மாணவர்களுக்கு நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

அடுத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு எருசலேமில் கல்லெறிந்து கொல்லப்பட்டதை அவர் எழுதியிருக்கிறார். அது நடந்தது 62-இல். இயேசுவைப் பற்றி அவருடைய நூலில் இன்னொரு பத்தியும் உண்டு. அதில் பிற்காலக் கிறிஸ்தவர் யாரோ சில சொற்களைச் சேர்த்துவிட்டார்கள் என்பது அறிஞர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொண்ட செய்தி. இதை எதிரில் இருப்பவர் சொல்லி நீங்கள் திகைப்பதைவிட, நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். யாக்கோபைப் பற்றிய வரி அதனால் பலவீனமாகிவிடாது.

மூன்றாவது, பிளினி. இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்தவர். ஏறத்தாழ 112-இல் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், இந்த மக்கள் குறித்த நாளில் விடியும் முன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்கிறார். இயேசுவைக் கடவுளாக்கியது 325-இல் கூடிய நிசேயா சங்கம்தான் என்று யாராவது சொன்னால், அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். வேதாகமப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்ததும் நிசேயாவில்தான் என்பார்கள். அங்கே நடந்தது, குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவரே என்ற ஆரியுஸின் போதனையைப் பற்றிய விவாதம். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களை இன்று இருப்பதுபோல அப்படியே பட்டியலிட்டது, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய கடிதம்.

நம் மக்களிடையே இன்னொரு கதையும் உலவுகிறது: இயேசு இளவயதில் இந்தியாவுக்கு வந்து யோகம் பயின்றார் என்பது. அன்போடு சொல்கிறவர்களே அதிகம். "உங்கள் ஏசுவும் நம் ஆள்தான்" என்று உரிமை கொண்டாடுகிறார்கள். அந்த அன்பை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு, அந்தக் கதையைப் பரப்பியவர் நோட்டோவிச் என்ற ரஷ்யப் பயணி என்பதையும், லடாக்கின் ஹேமிஸ் மடத்தில் ஒரு பழஞ்சுவடியைக் கண்டதாக 1894-இல் அவர் எழுதியதையும், அடுத்த ஆண்டே அங்கே போய் விசாரித்த ஒருவரிடம் மடத்துத் தலைவர் அப்படிப்பட்ட சுவடியே இல்லை என்று மறுத்ததையும் சொல்லுங்கள். அதற்கு மேல் அழுத்த வேண்டாம்.

"பைபிளை மாற்றி எழுதிவிட்டார்களே"

புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் ஐயாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றுக்கிடையே வேறுபாடுகள் ஏராளம். பெரும்பாலானவை எழுத்துப் பிழைகளும் சொல் வரிசை மாற்றங்களும். பெரிய வேறுபாடுகளும் சில உண்டு. மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய முழுப் பிரதிகளில் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவம், யோவான் சுவிசேஷத்தின் பழைய பிரதிகளில் இல்லை. எனக்கு மிகவும் பிரியமான பகுதி அது. இருந்தாலும் இதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. நம் பிள்ளைகள் இதை நம் வாயால் கேட்க வேண்டும். வெளியில் யாரோ ஏளனமாகச் சொல்லி முதன்முறை கேட்டால், நாம் எதையோ ஒளித்தோம் என்றுதான் நினைப்பார்கள். மாற்றம் எங்கே என்று இன்று நம்மால் விரல் வைத்துக் காட்ட முடிவதே, ஒன்றோடொன்று ஒப்பிட இத்தனை பிரதிகள் மிஞ்சியிருப்பதால்தான். எவரோ ஒருவர் எல்லாவற்றையும் திரட்டித் திருத்தியிருந்தால் இந்த வேறுபாடுகள் கிடைத்திருக்கவே மாட்டா.

உயிர்த்தெழுதல்: நிதானமாகப் போக வேண்டிய இடம்

இங்கேதான் என் பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள். "வரலாறே நிரூபித்துவிட்டது" என்று தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்காதீர்கள்.

பவுல் கொரிந்தியருக்கு முதல் நிருபத்தை எழுதியது ஏறத்தாழ 55-இல். சிலுவை மரணம் நடந்து இருபத்தைந்து ஆண்டுகள்கூட ஆகியிருக்காது. 15-ஆம் அதிகாரத்தில், தான் பெற்றுக்கொண்டதையே ஒப்புவித்ததாகச் சொல்லி ஒரு பட்டியல் தருகிறார்: கிறிஸ்து மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், எழுந்தார், கேபா எனப்பட்ட பேதுருவுக்கும் பன்னிருவருக்கும் ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரருக்கும் யாக்கோபுக்கும் காணப்பட்டார். ஐந்நூறு பேரில் பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். பேதுருவையும் இயேசுவின் சகோதரன் யாக்கோபையும் எருசலேமில் நேரில் கண்டதைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் குறிப்பிடுகிறார். இருபத்தைந்து ஆண்டுகள் எவ்வளவு குறுகிய இடைவெளி என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எளிதில் விளக்கலாம். மலாக்கா அரசு தோன்றியது 1400-ஐ ஒட்டி. அந்தக் கதையைச் சொல்லும் செஜாரா மெலாயுவின் நமக்குத் தெரிந்த வடிவம் 1612-இல் எழுந்தது. இடையில் இருநூறு ஆண்டுகள். ஆனாலும் வரலாற்றாசிரியர்கள் அதைத் தூக்கி எறிவதில்லை. கவனத்தோடு சலித்துப் பயன்படுத்துகிறார்கள்.

ஆகவே, வரலாறாக நாம் சொல்லக்கூடியவை இவை. இயேசு சிலுவையில் இறந்தார். அவரை உயிரோடு கண்டதாக அவருடைய சீடர்கள் வெகு சீக்கிரத்திலேயே நம்பினார்கள். சபையைத் துன்புறுத்திய பவுல், தான் அவரைக் கண்டதாகச் சொல்லி அடியோடு மாறினார். முன்பு அவரை நம்பாத சொந்தச் சகோதரன் யாக்கோபு எருசலேம் சபையின் தலைவரானார். இவற்றை விசுவாசமில்லாத அறிஞர்கள் பலரும் ஒத்துக்கொள்கிறார்கள். காலியான கல்லறையைப் பற்றிக் கருத்து வேறுபாடு அதிகம். அங்கே ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: பெண்களின் சாட்சிக்கு மதிப்புக் குறைந்த அந்தச் சமுதாயத்தில், கட்டுக்கதை எழுதுகிறவர் முதல் சாட்சிகளாகப் பெண்களை நிறுத்தியிருப்பாரா?

அப்போஸ்தலர் அனைவரும் இரத்தசாட்சிகளாக இறந்தார்கள் என்று சொல்வதையும் குறைத்துக்கொள்ளுங்கள். பேதுரு, பவுல், செபதேயுவின் மகன் யாக்கோபு, இயேசுவின் சகோதரன் யாக்கோபு ஆகியோரைப் பற்றி நல்ல சான்று இருக்கிறது. மற்றவர்களைப் பற்றியவை பெரும்பாலும் பிற்கால மரபுகள். நால்வர் போதும்.

இதற்குப் பிறகு வருவது ஒரு தாவல். பார்த்தவர்கள் மயங்கினார்கள் என்றோ ஏமாற்றினார்கள் என்றோ விளக்கங்கள் உண்டு. அவை எனக்கு நிறைவு தரவில்லை. கடவுள் அவரை எழுப்பினார் என்று நான் நம்புகிறேன். இந்தக் கடைசி வாக்கியம் வரலாற்று ஆசிரியையாகச் சொல்வதல்ல, விசுவாசியாகச் சொல்வது. இப்படிப் பிரித்துச் சொன்னபோதுதான் அண்ணன் முதன்முறையாக, "அப்படியா? அந்தப் பவுல் கடிதத்தைக் கொடு, படித்துப் பார்க்கிறேன்" என்று கேட்டார்.

கடவுள் உண்டா என்ற பேச்சு

சைவரிடம் பேசும்போது இந்தக் கேள்வியில் மல்லுக்கு நிற்க வேண்டியதே இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார், சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தை "அவன் அவள் அது எனும் அவை" என்று தொடங்கி, தோன்றி நின்று ஒடுங்கும் இந்த உலகத்தைத் தோற்றுவிப்பவன் ஒருவன் உண்டு என்று வாதிடுகிறார். அவ்வளவு தூரம் நாம் சேர்ந்தே நடக்கலாம். அந்தச் சூத்திரத்தைப் படித்துவிட்டுப் போங்கள். உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

கடவுளே இல்லை என்கிற நண்பரிடம் பெருவெடிப்பைத் துருப்பாக வீச வேண்டாம். அந்தக் கோட்பாட்டுக்கு வித்திட்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு. 1951-இல் பாப்பரசர் 12-ஆம் பயஸ் அதைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது, அந்தக் குருவுக்கே அது உவப்பாக இல்லை. அறிவியல் நாளை மாறலாம். விசுவாசத்தை அதன்மேல் கட்டக் கூடாது என்பது அவர் எண்ணம். அவரை நான் மிகவும் மதிக்கிறேன். "ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்குப் பதிலாக, ஏன் இத்தனையும் இருக்கின்றன?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கேள்வியை நண்பரோடு சேர்ந்து நீங்களும் யோசியுங்கள்.

"வெள்ளைக்காரன் மதம்தானே?"

இந்தக் கேள்விக்குள் காயம் இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் கோட்டைக்குப் பக்கத்திலேயே 1818-இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயம் நிற்கும்போது, கிறிஸ்தவமும் ஆட்சியும் கைகோத்து வந்ததாக ஒருவருக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை. 1560-இல் தொடங்கிய கோவாவின் மதவிசாரணை மன்றம் கொடுமை செய்தது. தமிழகத்தில் சாதி வரிசைப்படி உட்காரவைத்த சபைகள் இருந்தன. இவற்றை "ஆனால்" போடாமல் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

அவர் மேலும் கேட்டால் மறுபக்கத்தைச் சொல்லுங்கள். கேரளத்துக் கொல்லத்தில் கிறிஸ்தவ ஆலயத்துக்கு உரிமைகள் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேடு 849-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டென்மார்க்கின் ஹரால்டு அரசர் கிறிஸ்தவரானதோ ஏறத்தாழ 965-இல்தான். அந்த டென்மார்க்கின் அரசர் அனுப்பிய ஜெர்மானியர் சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். இரண்டே ஆண்டுகளில் அங்கிருந்த டேனிஷ் தளபதியே அவரைச் சிறையில் போட்டார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் 1813 வரை இந்தியாவில் தன் ஆட்சிப் பகுதிக்குள் மிஷனரிகள் வருவதை விரும்பவில்லை. வியாபாரம் கெடும் என்று அஞ்சியது. ஆக, கதை ஒரே நூலாக ஓடவில்லை.

"எல்லாம் ஒன்றுதானே?"

ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்கில் நடந்தால் தேவாலயம், குவான் யின் கோவில், மாரியம்மன் கோவில், பள்ளிவாசல் எல்லாம் வரிசையாக வரும். நம் ஊரின் பெருமை அது. "எல்லா ஆறும் கடலுக்குத்தான் போகிறது" என்று அண்ணன் சொன்னபோது நான் திருப்பிக் கேட்டேன்: "மறுபிறவி உண்டு என்கிறீர்கள், ஒரே பிறவி, பின்பு உயிர்த்தெழுதல் என்கிறேன். இரண்டும் ஒன்று என்றால், உங்கள் பேச்சை நான் காதில் வாங்கவில்லை என்றுதானே ஆகும்?" அவர் நம்புவதை அவர் மனதாரச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வதே நான் அவருக்குத் தரும் மரியாதை. வேறுபாட்டை ஒளிக்காமல் ஒரே பந்தியில் சாப்பிடலாம். நாங்கள் அப்படித்தான் சாப்பிடுகிறோம்.

சாவு வீட்டில் வாதம் வேண்டாம்

"உங்கள் கடவுள் நல்லவர் என்றால் இந்தக் குழந்தை ஏன் இறந்தது?" என்று கேட்பவர் அந்த நேரத்தில் விளக்கம் தேடவில்லை. நாற்காலி எடுத்துப் போடுங்கள், தேநீர் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் சிறந்தது அதுதான். லாசருவின் கல்லறையில் இயேசுவே அழுதார்.

மாதங்கள் கழித்து அவரே பேச்சை எடுத்தால் பேசலாம். மனிதனின் சுதந்திரம் கொலையையும் சுரண்டலையும் ஓரளவு விளக்கும். குழந்தைக்கு வரும் புற்றுநோயை விளக்காது. அதை அப்படியே சொல்லுங்கள். துன்பத்தின் காரணத்தை நான் அறியேன்; அந்தத் துன்பத்துக்குள் கடவுளே இறங்கிவந்தார் என்பதைச் சிலுவையில் காண்கிறேன். என் பதில் அவ்வளவுதான்.

பேசும் விதம்

எதிரில் இருப்பவரின் கருத்தை உங்கள் வாயால் திரும்பச் சொல்லி, அவர் "ஆமாம், அதைத்தான் சொல்கிறேன்" என்ற பிறகே பதிலைத் தொடங்குங்கள். ஒரு சந்திப்புக்கு ஒரு கேள்வி போதும். மாமாக் உணவுக் கடையில் இருவராக உட்கார்ந்து பேசுவது நல்லது. அவருடைய மனைவி மக்களின் முன்னால் அவரை மடக்குவது பாவம். எந்தத் தெய்வத்தையும், எந்த வழிபாட்டையும் கேலி செய்யாதீர்கள், நம் வீட்டுக்குள்ளேயும்கூட. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, பார்த்துவிட்டு வருவதாக வாக்குக் கொடுத்தால் அந்த வாரமே பதிலோடு போங்கள். போதும் என்று அவர் காட்டினால் பேச்சை மாற்றுங்கள்.

கடனில் இருப்பவரிடமும் நோயில் படுத்திருப்பவரிடமும் உதவியையும் உபதேசத்தையும் சேர்த்துக் கொண்டுபோகாதீர்கள். பால்மாவுக்கு மதம் மாறினார்கள் என்ற பழி நம்மேல் ஏன் விழுந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

முஸ்லிம் நண்பர்களைப் பொறுத்தவரை, மலேசிய அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தச் சட்டமியற்ற இடமளிக்கிறது. துண்டுப் பிரசுரமும் விவாதமும் வேண்டாம். ஹரிராயா வாழ்த்துச் சொல்லுங்கள், அழைத்தால் போங்கள். ஈசா நபியை அவர்கள் மதிக்கிறார்கள். குர்ஆனின் 19-ஆவது அத்தியாயத்துக்கு மர்யம் என்றே பெயர். அந்த மதிப்புக்கு நன்றியோடு இருங்கள்.

பழகும் முறை

வாலிபர் கூட்டத்தில் இருவர் இருவராக உட்காருங்கள். ஒருவர் கேள்வி கேட்பவராக இருக்கட்டும். விளையாட்டுக்குக் கேட்பதுபோல இல்லாமல், உண்மையில் அப்படி நம்புகிறவர் கேட்பதுபோலவே முழுப் பலத்தோடு கேட்க வேண்டும். மற்றவர் பதில் சொல்லும்போது, எது வரலாறு, எது யோசனை, எது விசுவாசம் என்று சுற்றியிருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கலந்து பேசினால் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அண்ணனை அழைத்திருக்கிறேன், வருவதாகச் சொல்லிவிட்டார். ஊனத்தோடு பிறக்கும் குழந்தைக்கு வினைக்கொள்கை ஒரு காரணம் சொல்கிறதே, உங்களுடையது என்ன சொல்கிறது என்று கேட்கப்போவதாக முன்கூட்டியே தெரிவித்திருக்கிறார். யோவான் சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டு வாருங்கள். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். சைவ சித்தாந்தம் வினையைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் சைவர்கள் எழுதியதிலிருந்தே படித்துக்கொண்டு வாருங்கள்.